விடுபட்ட இரண்டு வாரங்கள்

தையல் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வேண்டும் என்று போன் செய்தவர்கள், ஸ்கூட்டரிலிருந்து ஒரு பெண் இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். யாரும் வர மாட்டார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மெஷின் பலகையிலேயே வைத்துவிட்டு, "ஓட்டிக் காட்டுங்க" என்பாள். எடுத்தவுடன் ஸ்க்ரூவைக் கழற்றுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பாள். முப்பது மெஷின் ஒன்றாக இரைகிற கூடத்தில் வாசலில் நின்றபடியே, "மூணாவது வரிசை, சுவர் ஓரம். அதுக்கு எண்ணெய் காட்டி எத்தனை மாசமாச்சு?" என்று கேட்டுவிடுவாள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போனதால், மெக்கானிக் என்பதே பேராக நிலைத்துவிட்டது.

வலது கை மோதிர விரல் நடுவில் ஒடிந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கேட்டால், "மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்பாள். எந்த மெஷினிலும் அது மாட்டியதில்லை. பத்தொன்பது வயதில், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு அவள் எழுதிய கடிதம் அண்ணன் கையில் சிக்கியது. அண்ணன் கத்தவில்லை. எந்தக் கையால் எழுதினாய் என்று கேட்டான். அந்தக் கையைக் கதவு நிலையில் வைக்கச் சொன்னான். வைக்காவிட்டால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டுவேன் என்றான். வைத்தாள். கதவை அவன் ஒரே ஒரு முறைதான் சாத்தினான்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கொதிப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அப்பா மெஷின் பழுது பார்க்கிறவர். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மறுநாள் காலையில் தன் பழைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். வெளியே போ என்றாரா, இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்றாரா, அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். விரல் தானாகவே கூடியது, கோணலாக.

டீச்சரைச் சந்தித்தபோது மெக்கானிக்குக்கு வயது முப்பத்திரண்டு. டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். கல்யாணம் ஆகாமல், சொந்தமாக வாங்கிய இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். மெஷின் ஓடவில்லை, நூல் அறுந்து அறுந்து போகிறது என்று போன் செய்திருந்தாள். மெக்கானிக் ஒரே பார்வையில் சொன்னாள்: "மெஷின்ல ஒண்ணுமில்ல. ஊசியத் திருப்பி மாட்டியிருக்கீங்க."

"அது எப்படித் திரும்பும்?"

"நீங்க திருப்பினாத்தான் திரும்பும்."

டீச்சர் முகம் சிவந்துபோனாள். அடுத்த வாரம் மறுபடி போன். இந்தத் தடவை அடிநூல் சுற்றுகிற பாபின் தலைகீழாக இருந்தது. அதற்கடுத்த வாரம் பெல்ட்டே காணோம். தேடினால் அலமாரியில் மடித்துவைத்த துண்டுகளுக்கு அடியில் இருந்தது. மெக்கானிக் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இது தானா நடந்து போயி அங்க படுத்துக்கிச்சா?" என்று கேட்டாள். டீச்சர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மெக்கானிக் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அந்த வருடமே பெட்டியோடு குடி வந்துவிட்டாள்.

பதினாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். வெளியே கேட்டால் வாடகைக்கு இருக்கிறவள். டீச்சருக்குப் பயம் அதிகம். பள்ளிக்கூடத் தெருவில் சேர்ந்து நடக்கக் கூடாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் இடுப்பைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். டீச்சருடைய தம்பி குடும்பத்தோடு வருகிற நாட்களில் மெக்கானிக் தன் தலையணையை எடுத்துக்கொண்டு சாமான்கள் போட்டிருக்கும் சின்ன அறைக்குப் போய்விட வேண்டும். தம்பி மனைவிக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, "வேற ஏதாவது வேணுமாங்க?" என்று மூன்றாம் மனுஷி மாதிரி கேட்க வேண்டும். அவர்கள் கிளம்பியதும் டீச்சர் வந்து தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு போய் இடத்தில் வைப்பாள். அதுதான் அவளுடைய மன்னிப்பு. மெக்கானிக் பல வருடம் அதை ஏற்றுக்கொண்டாள். பிறகு ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க யாரு? ஒரு பேப்பர்ல எழுதி வைங்க டீச்சர். ரெண்டு வரி போதும்."

"எழுதினா அது வெளியில வரும். ரிட்டையர் ஆகட்டும், எழுதறேன்."

"பதினோரு வருஷம் இருக்கு."

"கணக்கு எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர்.

அந்தப் பேச்சு நடந்து ஏழாவது மாதம், ஒரு வேலைநாள் காலையில், குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவுத் தாழை மெக்கானிக் நெம்பித் திறந்தபோது டீச்சர் சுவரோடு சாய்ந்து கிடந்தாள், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கையெழுத்துக்கு ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள்.

"நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"கூட இருக்கறவ."

"அப்படி ஒண்ணு இதுல இல்லைங்க. அம்மா, அப்பா, கணவர், பிள்ளை, கூடப் பிறந்தவங்க. சீக்கிரம் யாரையாவது வரச் சொல்லுங்க."

மெக்கானிக் அவளாகவே போனை எடுத்துத் தம்பிக்கு அழைத்தாள். வேறு வழி இல்லை என்பது தெரிந்திருந்தும், அந்த அழைப்பை நினைத்துப் பின்னால் அவள் தன்னைத்தானே எத்தனை முறை சபித்துக்கொண்டாள் என்பதற்கு அளவே கிடையாது.

தம்பி வந்தான், கையெழுத்துப் போட்டான். டீச்சர் பிழைத்தாள். வலது பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது, பேச்சு போய்விட்டது. "இல்ல" என்ற ஒரே சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல. வலிக்கிறதா என்றாலும் இல்ல. மூன்றாம் நாள் மெக்கானிக் வார்டுக்குள் போனபோது டீச்சரின் இடது கை நீண்டு அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டது. தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மெக்கானிக்கை நடைபாதைக்கு அழைத்துவந்தான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பதினாறு வருஷமாத் தெரியும். அக்கா சம்பாதிக்கிறா, அவ இஷ்டம்னு கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப அவ என் பொறுப்பு. இனிமே இந்தப் பக்கம் உங்களப் பார்த்தா நல்லா இருக்காது."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, நான் வேணுமா வேண்டாமான்னு."

தம்பி உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான். "அக்கா, இவங்க இங்க இருக்கணுமா?"

"இல்ல" என்றாள் டீச்சர். தலையை ஆட்டி ஆட்டி, கண்ணில் நீர் வழிய, "இல்ல, இல்ல, இல்ல" என்றாள்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் தம்பி.

அந்த வாரமே வீட்டுப் பூட்டு மாற்றப்பட்டது. சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி வரவழைத்தான். பெட்டியை அவளிடம் கொடுக்காமல் மாடிப்படியில் உருட்டிவிட்டான். மூடி திறந்துகொண்டு, இருபத்தொன்பது வருடம் சேர்த்த ஸ்க்ரூக்களும் ஊசிகளும் பாபின்களும் இரண்டு மாடிப் படியிலும் சிதறின. மெக்கானிக் மண்டியிட்டுப் பொறுக்கினாள். கீழ்வீட்டம்மா வெளியே வந்து, தன் வாசல் வரை உருண்டுவந்த பாபின்களைக் குனிந்து பொறுக்கி அவள் கையில் கொடுத்தாள். மெக்கானிக் எத்தனையோ முறை அந்தம்மாவின் மெஷினைச் சும்மாவே சரிசெய்து கொடுத்திருக்கிறாள்.

"இனிமே இங்க வராதீங்க, சரியா?" என்றாள் கீழ்வீட்டம்மா மெதுவாக. "குழந்தைங்க நடமாடற இடம்."

செய்தி அவளுக்கு முன்னாலேயே தொழிற்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஐம்பது மெஷின் ஓடுகிற பெரிய கூடத்தின் சூப்பர்வைசர், வாசலிலேயே நிறுத்தி, "லேடீஸ் வேலை பார்க்கிற இடம். புரிஞ்சுக்கோங்க" என்றான். லேடீஸ் வேலை பார்க்கிற இடம், அதனால் லேடி மெக்கானிக்தான் வேண்டும் என்று பத்து வருடத்துக்கு முன்னால் அவளைத் தேடிப் பிடித்தவனும் அவன்தான். உள்ளே யாரோ ஒரு பெண், "என் மெஷினுக்குக் கீழ குனியாம இருந்தாச் சரி" என்று சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது.

ஒரே ஒரு கூடம்தான் கதவைத் திறந்துவைத்தது. பள்ளிச் சீருடை தைக்கிற இடம். அதன் ஓனரம்மா முகத்துக்கு நேராகவே பேசிவிட்டாள்: "நீ யாரு கூட இருந்தே, எப்படி இருந்தே, எனக்கு அது தேவையில்ல. என் ஓவர்லாக் மெஷினு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்." பின்னால், துணி மூட்டை அடுக்குகிற அறையைத் தங்கக் கொடுத்தாள். போக்கிடம் இல்லாதவள் என்று தெரிந்ததும், வேலையைச் சத்தமில்லாமல் இரண்டு பங்காக்கினாள்.

அந்த மூட்டை அறையில் உட்கார்ந்து மெக்கானிக் யோசித்தாள். ஒரு மெஷின் மொத்தமாக நின்றுபோனால் அவள் ஒரு காரியம் செய்வாள்: எதெது இன்னும் அசைகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். இப்போதும் அதைத்தான் செய்தாள். வீடு இல்லை. பேர் கெட்டாயிற்று. டீச்சர் கைக்கெட்டாத தூரத்தில். அசைகிற பாகம் ஒன்றே ஒன்று இருந்தது: தம்பி வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் போய் மணி அடிப்பாள். யாரும் திறக்க மாட்டார்கள். ஜன்னல் திரை மட்டும் அசையும். அழவோ கத்தவோ மாட்டாள். பத்து நிமிடம் நிற்பாள், திரும்பிவிடுவாள். திங்கட்கிழமை, டீச்சர் பேருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புவாள். "நேற்று வந்தேன். திறக்கவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்." அவ்வளவுதான் எழுதுவாள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாக, வாங்கியவர் கையெழுத்தோடு தபால் அட்டை ஒன்று திரும்பி வரும். தம்பி மனைவி கையெழுத்துப் போட்டிருப்பாள். வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐந்தாம் மாதம் தம்பி போலீஸில் புகார் கொடுத்தான். நோயாளியைத் தொல்லை செய்கிறாள், சொத்துக்குக் குறிவைக்கிறாள் என்று. காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம்தான் விட்டார்கள். இடையில், மேஜைக்குப் பின்னால் இருந்தவன் கேட்ட கேள்விகளை அவள் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தில் அடித்தார்கள். அடித்தது ஒரு பெண். அடிக்கும்போது எண்ணிக்கொண்டே அடித்தாள், நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். இனி அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்துதான் குழாயடிக்குப் போனாள். கூடத்துப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஒரு தட்டைக் காலால் தள்ளி அருகில் வைத்துவிட்டுப் போவாள். மூன்றாவது வாரம் மெக்கானிக் எழுந்து, பழைய துணியைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனாள். தெருவில் கால் வைக்கக் கூடாது என்றுதானே எழுதி வாங்கினார்கள்? தபால்காரர் கால் வைக்கலாம்.

அதன் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஊரில் யாருக்கும் பதில் சொல்ல முடியாதவளாக, எவள் எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ முடுக்குகிறவளாக அவள் இருந்தாள். ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது. அதை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

டீச்சரைப் பிரிந்து இரண்டு வருடம் ஆனபோது ஒரு மத்தியானம் போன் வந்தது. தம்பி மனைவி. வாழ்க்கையில் முதல் முறையாக அவளை "அக்கா" என்று கூப்பிட்டாள்.

"அக்கா, என்னால முடியலக்கா. தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. முதுகுல புண்ணு வெச்சிருக்கு, கிட்டப் போக முடியல. அவங்க வீட்டையும் வித்தாச்சு, எல்லாம் செலவாயிடுச்சு. உங்களுக்குத்தான் அவங்க மேல அவ்வளவு பாசம் இருக்கே. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "நாளைக்குச் சொல்றேன்."

அந்த ஒரு நாளும் டீச்சர் அந்தப் புண்ணோடு கிடந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். மறுநாள் ஒரு பெண் வக்கீலிடம் போய்ப் பத்திரம் தயார் செய்தாள். டீச்சரின் வைத்தியம், இருப்பிடம், எல்லாவற்றையும் முடிவு செய்யும் உரிமையை 'அவருடைய வாழ்க்கைத் துணையான' இன்னாரிடம் ஒப்படைக்கிறேன் என்று தம்பி எழுதிக்கொடுப்பதாக. "கோர்ட்டுல இது எவ்வளவு தூரம் நிக்கும்னு சொல்ல முடியாது" என்றாள் வக்கீல். "நிக்காட்டியும் பரவாயில்ல. அவரு கையால எழுதணும்" என்றாள் மெக்கானிக்.

தம்பி வாசலில் நின்றே படித்தான். முகம் கறுத்தது.

"இந்த வார்த்தைய எடு. பராமரிக்கிறவங்கன்னு போட்டுக்கோ."

"வேண்டாங்க."

"தோழின்னு போடு, கையெழுத்துப் போடறேன்."

"வேண்டாங்க. இருக்கிறபடியே போடுங்க. இல்லாட்டி நீங்களே வெச்சுக்கோங்க."

உள்ளே அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது. டீச்சருடைய குரல்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள். மெக்கானிக் திரும்பி நடந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள், சாவியைத் திருகினாள். அவன் கையெழுத்துப் போடாவிட்டால் உண்மையிலேயே போயிருப்பாளா என்று கேட்டால், அவளுக்கே தெரியாது. போயிருக்க மாட்டேன் என்று தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தம்பி மனைவிதான் ஓடிவந்து, புருஷன் கையில் பேனாவைத் திணித்து, "போட்டுத் தொலைங்க" என்று கத்தினாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பத்திரத்தை அவள் மேல் எறிந்தான். "இத வெச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கப் போற?"

"கிழிக்க மாட்டேன். பத்திரமா வெச்சுக்குவேன்."

டீச்சரை வேனில் ஏற்றும்போது தம்பி மனைவி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவங்க எந்நேரமும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அடங்கவே மாட்டேன்னாங்க. அதனால நீங்க வேற ஊருக்குப் போயிட்டீங்க, ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கலன்னு சொல்லிட்டோம். அப்புறம் அமைதியாயிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதுகுப் புண்ணில் ஒரு உள்ளங்கையே பதியும். ஆள் பாதியாகியிருந்தாள். மூட்டை அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்ததும் டீச்சர் ஒரே ஒரு முறை மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழு வாரம் திரும்பவில்லை. கஞ்சியை ஊட்டினால் துப்பினாள். புண்ணுக்கு மருந்து போடுகிற கையை இடது கையால் பிறாண்டினாள். "வந்தேன் டீச்சர், வரவிடாதப்பவும் வாராவாரம் லெட்டர் போட்டேன்" என்று மெக்கானிக் மன்றாடினால், "இல்ல" என்றாள். இந்த இல்லைக்கு மட்டும் அர்த்தம் இல்லைதான். கூடத்துப் பெண்கள் காதுபடவே பேசினார்கள்: "இதுக்கா இத்தனை ஆட்டம்?" ஓனரம்மா வந்து நாற்றம் துணியில் ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மெக்கானிக் வேலைக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடிவந்து டீச்சரைப் புரட்டிப் போடுவாள். அறையின் கூரைச் சட்டத்தில் பழைய மெஷின் சக்கரங்களையும் பெல்ட்டுகளையும் பூட்டி, இழுத்தால் ஆள் ஒருக்களிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தாள். டீச்சர் அந்த பெல்ட்டிலும் துப்பினாள்.

ஒரு மத்தியானம், தேநீர் நேரத்தில், பொறுமை அற்றுப்போய் மெக்கானிக் அந்தத் தபால் அட்டைகளைக் கொண்டுவந்து போர்வை மேல் கொட்டினாள். "படிச்சுப் பாருங்க. நீங்களே படிங்க."

டீச்சர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். எழுத்தும் போயிருந்தது என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அந்தக் கண்கள் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போயின, எதிலும் நிற்கவில்லை. டீச்சர் அட்டையைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பப் போனாள். பாதியில் நின்றாள். அட்டையின் ஓரத்தில் வட்டமாகத் தபால் முத்திரை, அதற்குள் தேதி. மறுபடி எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். எழுத்து போயிருந்தது, எண் போகவில்லை.

இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்து அடுக்க ஆரம்பித்தாள். நான்கு நான்காக, ஐந்து ஐந்தாக, மாதத்துக்கு ஒரு வரிசை. கை நடுங்கிக் கலைந்தால் மறுபடி அடுக்கினாள். மெக்கானிக் உதவிக்குக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள். கூடத்தில் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன, வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. மொத்தம் தொண்ணூற்று நான்கு அட்டை. கட்டில் முழுக்கப் பரப்பி முடித்துவிட்டு டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வரிசையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, காலியாக இருந்த போர்வையை விரலால் தட்டினாள்.

"இல்ல" என்றாள். மறுபடி தட்டினாள். "இல்ல?"

இரண்டு வாரம் குறைகிறது. எங்கே போனாய்?

ஏழு வாரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. மெக்கானிக் சொன்னாள். ஸ்டேஷன், பெஞ்சு, எண்ணிக்கை தவறி முதலிலிருந்து அடித்தது, தவழ்ந்தது. டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று குனிந்து அவள் காலைப் பிடித்து இழுத்தாள். மெக்கானிக் ஸ்டூலோடு விழப்போனாள். டீச்சர் அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கோணிய வாயோடு, சத்தமே வராமல் அழுதாள். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தாள்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. முதுகுப் புண் மூடி வந்தது. டீச்சர் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் பலகையில் இடது கையால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு மூளை ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு அடைப்பு வந்தது. இந்தத் தடவை நினைவில் ஓட்டை விழுந்துவிட்டது. நேற்று நடந்தது இன்று இருக்காது.

அட்டைகளை மட்டும் மறக்கவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அவற்றைக் கேட்பாள், அடுக்குவாள், அந்தக் காலி இடத்தில் விரலை வைப்பாள். "இல்ல?" மெக்கானிக் முதலிலிருந்து சொல்ல வேண்டும். டீச்சர் முதல் முறை கேட்பவளாகக் கேட்பாள், முதல் முறை அழுதவளாக அழுவாள். பெஞ்சில் படுத்து அடி வாங்கியது ஒரு நாள்தான். அதை வாயால் சொல்லி வாங்கியது இருபது முப்பது நாள். ஒருமுறை அழுது அழுது டீச்சருக்கு மூச்சு முட்டி, உதடு நீலமாகிவிட்டது. மெக்கானிக் அவளை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தேய்த்துக்கொண்டே அந்தத் தம்பியையும், ஸ்டேஷனையும், எல்லாவற்றையும் இப்படி விரித்து வைத்த தன் புத்தியையும் சேர்த்துத் திட்டினாள்.

அடுத்த முறை டீச்சரின் விரல் அந்த இடத்துக்கு வந்தபோது, மெக்கானிக் தயாராக இருந்தாள்.

"அதுவா? காய்ச்சல் டீச்சர். மழையில நனைஞ்சுட்டு ரெண்டு வாரம் படுத்துட்டேன்."

டீச்சர் அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் கடுத்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்களைப் பார்க்கிற அதே முகம். இடது கையை ஓங்கி மெக்கானிக்கின் தலையில் ஒரு போடு போட்டாள். "இல்ல! இல்ல! இல்ல!" என்று மூச்சு விடாமல் திட்டினாள். மழையில் யார் உன்னைப் போகச் சொன்னது, குடை எங்கே போயிற்று, மருந்து வாங்கித் தின்றாயா, எல்லாம் அதில் இருந்தது. அழவில்லை.

அதிலிருந்து அது காய்ச்சல்தான். வாரத்துக்கு இரண்டு முறை மெக்கானிக் அடி வாங்குகிறாள், திட்டு வாங்குகிறாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓனரம்மா வெளியிலிருந்து கத்துவாள். "இருங்க, திட்டி முடிக்கட்டும்" என்று உள்ளேயிருந்து பதில் போகும்.